மில்லில் விண்டோஸ், வீட்டில் லினக்ஸ்: இடையில் ரிமோட் டெஸ்க்டொப் போடுவது எப்படி?

முரசுமோட்டை_மில்

எல்லோருக்கும் வணக்கம். பரந்தன் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன அரிசி ஆலை இருக்கிறது. அலுவலகத்தில் இரண்டு கணினிகள். ஒன்று விண்டோஸ் 11. கணக்கு மென்பொருள் அதில்தான் ஓடும். விண்டோஸ் நிரல்களை ஓட்டும் வைன் போட்டு லினக்ஸில் ஓட்டப் பார்த்தோம், சரிவரவில்லை. மற்றது பழைய மெசின். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாததால் விண்டோஸ் 11 ஏறாது, விண்டோஸ் 10க்கும் 2025 ஒக்டோபர் 14உடன் ஆதரவு நின்றுவிட்டது. அதனால் லினக்ஸ் மின்ட் 22 போட்டோம். நெல் கொண்டுவருபவர்களின் சிட்டைகளை ஸ்கான் பண்ணி வைப்பதும் கடிதம் அடிப்பதும் அதில்தான்.

நான் இருப்பது கிளிநொச்சி டவுனில், என் மடிக்கணினியும் மின்ட். அக்கா வவுனியாவில், அவரிடம் விண்டோஸ். நான் மில்லின் விண்டோஸுக்குள் போய்க் கணக்குப் பார்க்க வேண்டும். அக்கா மில்லின் லினக்ஸுக்குள் போய்ச் சிட்டைகளைப் பார்க்க வேண்டும். மில்லில் 4ஜி ரவுட்டர். ஒரு டெக்னீசியன் வந்து ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டொப் பாவிக்கும் 3389 போர்ட்டைத் திறந்துவிட்டுப் போனார். வெளியிலிருந்து இணைப்பு எடுபடவே இல்லை. காலபோக அறுவடைக்கு முன் இதை முடிக்க வேண்டும். ஆலோசனை சொல்லுங்கள்.

ஏநைன்_பயணி

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? எனிடெஸ்க் போடுங்கள். விண்டோஸுக்கும் இருக்கிறது, லினக்ஸுக்கும் இருக்கிறது. போர்ட், ரவுட்டர் ஒன்றும் தேவையில்லை. அந்தப் பக்கத்து இலக்கத்தை அடித்தால் திரை வந்துவிடும்.

குளக்கட்டு

பயணி சொல்வது வேலை செய்யும். ஆனால் அதன் இலவசப் பதிப்பு தனிப்பட்ட பாவனைக்கு மட்டும். மில் கணக்கு வியாபாரம். டீம்வியூவரும் அப்படித்தான். ஒருநாள் வேலையின் நடுவில் இணைப்பை வெட்டிவிட்டால் யாரோடும் சண்டை பிடிக்க முடியாது.

முதலில் அந்த 3389 ஏன் எடுபடவில்லை என்று பார்ப்போம். ரவுட்டரின் பக்கத்துக்குள் போய் வான் ஐபி, அதாவது இணையப் பக்கத்து முகவரி, என்ன என்று பாருங்கள். பிறகு உங்கள் ஐபியைக் காட்டும் ஏதாவது இணையப் பக்கத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்து, ரவுட்டரில் இருப்பது 10இலோ 100.64 முதல் 100.127 வரையிலோ தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ஒரே பொது ஐபியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கும் ஏற்பாடு அது. மொபைல் இணைப்புகளில் இது சர்வசாதாரணம். உங்கள் ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து வருகிற தரவுப் பொதி உங்கள் வாசலுக்கே வராது.

வராததும் நல்லதுக்குத்தான். 3389ஐ இணையத்துக்குத் திறப்பது, ஒரு வயலுக்குத் தண்ணீர் விட இரணைமடுக் குளத்தின் வான்கதவைத் திறக்கிற மாதிரி. இணையம் முழுக்க ஐபி ஐபியாகத் தட்டி, 3389 திறந்திருக்கிறதா என்று பார்த்துக் கடவுச்சொல் அடித்துக்கொண்டே இருக்கும் நிரல்கள் ஓயாமல் ஓடுகின்றன. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கிற ரான்சம்வெயர் கூட்டங்களுக்கு இது பழகிய வழி. 2019இல் வந்த புளூகீப் ஓட்டைக்குக் கடவுச்சொல்கூடத் தேவைப்படவில்லை. அது விண்டோஸ் 7உம் அதற்கு முந்தியவையும்தான், 11க்கு இல்லை. ஆனாலும் எக்ஸ்பிக்கு ஆதரவை நிறுத்திப் பல வருடம் போன பிறகும் மைக்ரோசொஃப்ட் அதற்கு ஒரு திருத்தம் வெளியிட்டது என்றால் பயம் எவ்வளவு என்று பாருங்கள். அந்த டெக்னீசியன் போட்ட விதியை இன்றைக்கே அழித்துவிடுங்கள்.

உங்களுக்கு வேண்டியது நான்கு கணினிகளையும் சேர்த்து ஒரு தனி வலை. அதற்குள் ரிமோட் டெஸ்க்டொப். அந்த வலையைப் போட்டுத்தரும் டெயில்ஸ்கேலைப் போட்டுப் பாருங்கள், அரை மணி நேர வேலை.

ஒட்டுசுட்டான்_பெடியன்

குளக்கட்டு அண்ணை, எனிடெஸ்க்குக்குச் சொன்ன ஞாயம் டெயில்ஸ்கேலுக்கும் பொருந்துமே. அதன் இலவசத் திட்டமும் தனிப்பட்ட பாவனைக்கு என்றுதான் போட்டிருக்கிறார்கள்.

குளக்கட்டு

பிடித்துவிட்டாய் தம்பி. சரி, பார்த்துப் பழகுவதற்கு டெயில்ஸ்கேல். நிரந்தரமாக என்றால் ஒன்றில் காசு கட்டி அதன் வணிகத் திட்டம், இல்லாவிட்டால் அதே மாதிரித் தனி வலையை நாமே அமைக்கும் வயர்கார்ட். வயர்கார்ட் 2020இல் வந்த லினக்ஸ் கேர்னல் 5.6இலிருந்து உள்ளேயே இருக்கிறது. விண்டோஸுக்குச் செயலி உண்டு. ஆனால் எல்லாப் பக்கமும் சிஜிநாட் என்றால் யாராவது ஒருவரிடம் வெளியிலிருந்து தொடக்கூடிய முகவரி இருக்க வேண்டும். அதற்கு வெளிநாட்டில் ஒரு சின்ன விபிஎஸ், அதாவது இணையத்தில் ஓடும் சேர்வர், வாடகைக்கு எடுக்க வேண்டும். மிகச் சிறியதே போதும், அதில் படம் ஓடப்போவதில்லை, பொதியை வாங்கி மற்றப் பக்கம் கொடுப்பது மட்டும்தான் வேலை. இடத்தைத் தெரிவுசெய்யும்போது சிங்கப்பூர் அல்லது இந்தியா பாருங்கள். ஐரோப்பாவில் எடுத்தால் சுட்டியை அசைத்துவிட்டுத் திரை அசையும்வரை காத்திருக்க வேண்டிவரும். ரிமோட் டெஸ்க்டொப்பில் வேகத்தை விடத் தாமதம்தான் கழுத்தை அறுக்கும்.

அமைப்பு இப்படி: விபிஎஸ்ஸுக்கு 10.77.0.1, மில் விண்டோஸுக்கு 10.77.0.2, மில் லினக்ஸுக்கு 10.77.0.3, உங்களுக்கு .4, அக்காவுக்கு .5. விபிஎஸ்ஸில் வயர்கார்ட்டுக்கான யுடிபி 51820 போர்ட் மட்டும் திறந்திருக்கட்டும், பொதியை மற்றப் பக்கம் கடத்தும் ஐபி ஃபோர்வேர்டிங்கைப் போட மறக்க வேண்டாம். மற்ற நான்கிலும் அலவ்ட் ஐபிஸ் என்ற இடத்தில் 10.77.0.0/24 என்று மட்டும் கொடுங்கள். அப்போது யூடியூப் பார்ப்பதெல்லாம் விபிஎஸ் வழியாகப் போகாது. பேர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 என்று போட வேண்டும். 25 செக்கனுக்கு ஒருமுறை ஒரு சின்னப் பொதி போகாவிட்டால் சிஜிநாட் வழியை மூடிவிடும். பிறகு மில் கணினியை வெளியிலிருந்து எழுப்ப வழியில்லை.

முரசுமோட்டை_மில்

மெத்த நன்றி. வான் ஐபி 10இல்தான் தொடங்குகிறது. விதியை அழித்துவிட்டேன். வயர்கார்ட் வழியில் போகிறேன், விபிஎஸ் சிங்கப்பூரில் எடுத்தாயிற்று. நான்கும் ஒன்றையொன்று பிங் பண்ணுகின்றன.

ஆனால் மில் விண்டோஸில் அமைப்புகளுக்குள் போய் ரிமோட் டெஸ்க்டொப்பைத் தட்டினால், உங்களுடைய ஹோம் பதிப்புக்கு இது இல்லை என்கிறது.

ஏநைன்_பயணி

ஹோமில் ஓட வைக்க ஆர்டிபி ராப்பர் என்று ஒன்று கிட்ஹப்பில் இருக்கிறது. போட்டால் சரி.

குளக்கட்டு

போடலாம், பிறகு ஒவ்வொரு விண்டோஸ் அப்டேட்டுக்கும் பயந்து சாகலாம். அப்டேட் வந்தால் அது உடையும், அன்டிவைரஸ் அதைக் கள்ளன் என்று பிடிக்கும், உரிமத்துக்கும் முரண். கணக்கு மெசினில் அந்த விளையாட்டு வேண்டாம்.

ஹோம் பதிப்பிலிருந்து வெளியே போகலாம், உள்ளே யாரையும் விடாது. உள்ளே விடுவது புரோ, என்டர்பிரைஸ், எடியுகேஷன் பதிப்புகள். மைக்ரோசொஃப்ட் ஸ்டோரிலேயே புரோவுக்கு மாறலாம், அமெரிக்க விலை 99 டொலர். வாங்க மனமில்லையென்றால் எனிடெஸ்க் மாதிரியே ரஸ்ட்டெஸ்க் இருக்கிறது, திறந்த மூலம். உங்களுக்குத்தான் விபிஎஸ் இருக்கிறதே, அதன் சேர்வரையும் அதிலேயே ஏற்றிவிடலாம்.

மல்லாவி_மணி

இடையில் புகுவதற்கு மன்னியுங்கள். தூரத்துத் திரையைக் காட்டும் விஎன்சி பற்றி யாரும் பேசவில்லையே? அது இலவசம்தானே.

ஒட்டுசுட்டான்_பெடியன்

விஎன்சி ஓடும் அண்ணை. ஆனால் அது திரையைப் படமாகவே அனுப்பும். விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டொப்பின் ஆர்டிபி முறை எதை வரைய வேண்டும், எங்கே எழுத்து என்று முடிந்தவரை விவரமாக அனுப்பும். எங்கள் பக்கத்து 4ஜியில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். பழைய விஎன்சி முறையில் கடவுச்சொல்லின் முதல் 8 எழுத்துகளைத்தான் பார்க்கும், மறையாக்கமும் இல்லை. வயர்கார்ட்டுக்குள் ஓடினால் மறையாக்கக் குறை பிரச்சினையில்லை.

விஎன்சியிலும் ரஸ்ட்டெஸ்க்கிலும் ஒரு நன்மை, அங்கே உட்கார்ந்திருப்பவர் பார்க்கிற அதே திரையை நீங்களும் பார்ப்பீர்கள். ஆர்டிபியில் நீங்கள் விண்டோஸுக்குள் போனால் மில்லில் இருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். அவர் திரும்ப உள்ளே வந்தால் நீங்கள் வெளியே. பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்கிற மாதிரி வேலை என்றால் ஆர்டிபி உதவாது.

முரசுமோட்டை_மில்

நான் கணக்குப் பார்ப்பது மில் மூடிய பிறகு இரவில்தான், அதனால் திரை பூட்டினாலும் பாதகமில்லை. புரோ வாங்கிவிட்டேன். இப்போது என் மின்டில் ரிமோட் டெஸ்க்டொப்பைத் திறக்கும் ரெமினாவில் அடித்தால் கடவுச்சொல் பிழை என்கிறது. உண்மையில் அந்தக் கணினிக்குக் கடவுச்சொல்லே கிடையாது. திறந்தால் நேரே உள்ளே போகும்.

குளக்கட்டு

அதுதான் காரணம். கடவுச்சொல் இல்லாத கணக்குகளை விண்டோஸ் வலை வழியாக உள்ளே விடாது, முன்னால் உட்கார்ந்தால் மட்டும்தான். ரிமோட்டுக்கென்று ஒரு தனி உள்ளூர்ப் பயனரை உண்டாக்கி, நீளமான கடவுச்சொல் கொடுத்து, ரிமோட் டெஸ்க்டொப் அமைப்பில் அந்தப் பயனரை அனுமதியுங்கள். மைக்ரோசொஃப்ட் கணக்கு வைத்திருப்பவர்கள் கவனிக்க: நான்கு இலக்கப் பின் இதற்குச் செல்லாது, கணக்கின் முழுக் கடவுச்சொல் வேண்டும்.

மில்லில் இருப்பவரின் கணக்குக்கும் ஒரு கடவுச்சொல் போடுங்கள். நெல் விற்றவர் கணக்கு எல்லாம் அதில்தானே இருக்கிறது.

பிறகு விண்டோஸ் ஃபயர்வோலில் ரிமோட் டெஸ்க்டொப் விதிகளைத் திறந்து, ஸ்கோப் என்ற பகுதியில் தொலை முகவரியாக 10.77.0.0/24 மட்டும் கொடுங்கள். மில் வைஃபையில் யாராவது போனோடு வந்து சேர்ந்தாலும் அந்தக் கதவு அவருக்குத் தெரியாது. என்எல்ஏ என்கிற தெரிவை ஓஃப் பண்ண வேண்டாம். உள்நுழைவுத் திரை வருவதற்கு முன்பே ஆளைச் சரிபார்ப்பது அதுதான்.

மல்லாவி_மணி

எங்கள் சங்கத்திலும் இதே மாதிரி ஒரு விண்டோஸ் மெசின்தான். அதற்குள் ஐந்து பேர் ஒரே நேரத்தில் போக முடியுமா? மற்ற நான்கு மெசினிலும் லினக்ஸ் போட்டுக் காசை மிச்சம் பிடிக்கலாம் என்று ஒரு யோசனை.

குளக்கட்டு

சாதாரண விண்டோஸில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். ஐந்து பேருக்கு விண்டோஸ் சேர்வரும், ஒவ்வொருவருக்கும் ஆர்டிஎஸ் கால் என்ற உரிமமும் வேண்டும். அதன் விலையைக் கேட்டால் மிச்சம் பிடிக்கும் யோசனை போய்விடும். எதிர்ப்பக்கம் யோசியுங்கள்: லினக்ஸில் எக்ஸ்ஆர்டிபி என்ற ஆர்டிபி சேர்வரைப் போட்டால் எத்தனை பேரும் தனித்தனி அமர்வாக உள்ளே போகலாம், மெமரி தாங்கினால் சரி. உங்கள் மென்பொருள் விண்டோஸ் மட்டும் என்றால், அதை விற்றவரிடம் வலையில் பலர் பாவிக்கும் பதிப்பு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

ஒன்று மட்டும் செய்ய வேண்டாம்: கணக்குக் கோப்பை ஷெயர் பண்ணி, தூரத்திலிருந்து 4ஜி வழியாக நேரே திறப்பது. பாதி எழுதும்போது இணைப்பு அறுந்தால் கோப்புக் கெட்டுப்போகும். ரிமோட் டெஸ்க்டொப்பில் அந்தப் பயம் இல்லை. கோப்பும் மென்பொருளும் அங்கேயே இருக்கின்றன, உங்களுக்கு வருவது திரை. இணைப்பு அறுந்தாலும் அமர்வு அப்படியே நிற்கும், திரும்பிப் போனால் பாதி அடித்த வரி அதே இடத்தில் இருக்கும்.

முரசுமோட்டை_மில்

விண்டோஸ் பக்கம் வடிவாக வேலை செய்கிறது. அக்காவின் பக்கம்தான் மிச்சம். மில் லினக்ஸில் எக்ஸ்ஆர்டிபி போட்டேன். அக்கா விண்டோஸிலிருந்து இணைத்தால் பெயர், கடவுச்சொல் கேட்கிறது, கொடுத்ததும் கறுப்புத் திரை, பிறகு வெளியே தள்ளிவிடுகிறது.

ஒட்டுசுட்டான்_பெடியன்

மில்லில் இருப்பவர் உள்ளே இருக்கும்போது அதே பயனர் பெயரில் அக்காவும் போகிறாரா? அப்படியென்றால் காரணம் அதுவாகத்தான் இருக்கும். எக்ஸ்ஆர்டிபி ஓடுகிற திரையைக் காட்டாது, புதிதாக ஒரு அமர்வைத் தொடங்கும். ஒரே பயனருக்கு இரண்டு டெஸ்க்டொப் அமர்வு என்றால், நிரல்கள் தங்களுக்குள் பேசும் டிபஸ் குழம்பிவிடும். ஸ்டார்ட்டபிள்யூஎம் என்ற கோப்பில் டிபஸ் முகவரி மாறியை அழிக்கும் வரியைச் சேர்த்தால் தப்பலாம் என்று இணையம் முழுக்க எழுதியிருப்பார்கள். சில நேரம் சரிவரும். அதைவிட அக்காவுக்குத் தனிப் பயனர் கணக்கு ஒன்று உண்டாக்குவது சுத்தம். சிட்டைகள் இருக்கும் அடைவுக்கு ஒரு குழு வைத்து இரண்டு பேரையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

இரண்டாவது, மின்டின் சினமன் டெஸ்க்டொப்பை ரிமோட்டில் ஓட்ட வேண்டாம். அதன் நிழல், அசைவு எல்லாவற்றையும் கிராபிக்ஸ் அட்டை இல்லாமல் சிபியுவே வரைய வேண்டிவரும், அந்தப் பழைய மெசின் மூச்சு வாங்கும். இலேசான டெஸ்க்டொப்பான எக்ஸ்எஃப்சிஇயை நிறுவி, அக்காவின் ஹோம் அடைவில் புள்ளியில் தொடங்கும் எக்ஸ்செஷன் கோப்பில் எக்ஸ்எஃப்சிஇ4-செஷன் என்று ஒரே வரி எழுதுங்கள். உள்நுழையும் பெட்டியில் எக்ஸ்ஓர்க் என்ற தெரிவு இருக்கட்டும். அதற்கு எக்ஸ்ஓர்க்எக்ஸ்ஆர்டிபி மென்பொருள் பொதியும் நிறுவியிருக்க வேண்டும்.

எக்ஸ்ஆர்டிபியின் பதிவுக் கோப்பில் கீ ஃபைலைத் திறக்க அனுமதி இல்லை என்று வந்தால், எக்ஸ்ஆர்டிபி என்ற பயனரை எஸ்எஸ்எல்-சேர்ட் குழுவில் சேர்த்துச் சேவையை மீளத் தொடங்குங்கள். உபுண்டுவிலும் மின்டிலும் இது வழக்கமான கதை.

உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல்: 22.04இலிருந்து அதன் டெஸ்க்டொப்பான குனோமுக்குள்ளேயே ஆர்டிபி இருக்கிறது, எக்ஸ்ஆர்டிபி கட்டாயமில்லை. 24.04இல் யாரும் உள்ளே இல்லாதபோதும் தூரத்திலிருந்து நுழையலாம். ஆனால் அதையும் எக்ஸ்ஆர்டிபியையும் ஒரே நேரத்தில் போட்டால் இரண்டும் 3389க்கு அடிபடும்.

வவுனியா_தட்டச்சு

உங்கள் அக்காவுக்கு அடுத்த தலையிடி தமிழ் அடிப்பதில் வரும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் வவுனியாவில் தட்டச்சுக் கடை வைத்திருக்கிறேன், ரிமோட்டில் அடிக்கிற வேலைகளும் வரும்.

பாமினியில் அடிப்பவர்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, கணினிக்கு அது வெறும் ஆங்கில எழுத்து. அந்தப் பக்கம் எழுத்துரு இருந்தால் போதும். யூனிகோட் என்றால் கவனம் வேண்டும். இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கமும் தமிழ் என்று வைத்தால் அடிக்கிற எழுத்துகள் கலவையாக வந்து விழும். ஆர்டிபி சாதாரணமாக எந்த விசை அமுக்கப்பட்டது என்பதைத்தான் அனுப்புகிறது, எந்த எழுத்து என்பதை இல்லை. ஆகவே உங்கள் கையில் இருக்கிற கணினியை ஆங்கிலத்தில் விடுங்கள். தமிழை அந்தப் பக்கத்துக் கணினியில் மாற்றுங்கள். லினக்ஸில் விசைப்பலகைகளை மாற்றித்தரும் ஐபஸ் எம்17என் நிறுவினால் ரெங்கநாதன் விசைப்பலகையும் வரும், தமிழ்99உம் வரும். எக்ஸ்ஆர்டிபி அமர்வில் ஐபஸ் தானாகத் தொடங்காமல் இருக்கலாம், தொடக்க நிரல்களில் அதைச் சேர்த்துவிடுங்கள்.

ஒரு பெயரை மட்டும் அடிக்க வேண்டும் என்றால் இந்தப் பக்கம் அடித்துக் கொப்பி பண்ணி அந்தப் பக்கம் ஒட்டுவது கெதி.

முரசுமோட்டை_மில்

தனிக் கணக்கு உண்டாக்கியதும் கறுப்புத் திரை போய்விட்டது. தம்பிக்கும் தட்டச்சுக் கடைக்காரருக்கும் நன்றி. எக்ஸ்எஃப்சிஇ அந்தப் பழைய மெசினிலும் இலகுவாக ஓடுகிறது.

இரண்டு கேள்விகள் மிச்சம். கரண்ட் போய் வந்தால் மில்லுக்கு ஆள் போய்த்தான் கணினியைப் போட வேண்டுமா? மற்றது, இரவு ஏழு மணிக்குப் பிறகு திரை இழுத்து இழுத்து வருகிறது. அக்கா சிட்டையின் ஸ்கானைப் பெரிதாக்கினால் வரி வரியாக இறங்குகிறது.

குளக்கட்டு

கரண்டுக்கு: பயோஸுக்குள் போய் மின்சாரம் திரும்பினால் என்ன செய்வது என்ற தெரிவைப் பவர் ஒன் என்று மாற்றுங்கள். ஏசி பவர் லொஸ் என்ற மாதிரிப் பெயரில் இருக்கும். விண்டோஸில் வயர்கார்ட் டனல் சேவையாக ஓடுவதால் யாரும் உள்நுழையாமலே இணைந்துவிடும். லினக்ஸில் டபிள்யூஜி-குயிக் சேவையை எனேபிள் பண்ணிவிடுங்கள். இரண்டிலும் ஸ்லீப்பை முற்றாக நிறுத்துங்கள். தூங்குகிற கணினி ஆர்டிபிக்குப் பதில் சொல்லாது.

யூபிஎஸ் வைத்தால் ரவுட்டரையும் அதில் மாட்டுங்கள், கணினி மட்டும் உயிரோடு இருந்து பயனில்லை. இதில் ஒரு சிக்கலும் உண்டு. பற்றரி குறையும்போது யூபிஎஸ் மென்பொருள் கணினியை ஒழுங்காக நிறுத்திவிடும். பற்றரி முழுதும் இறங்குவதற்குள் கரண்ட் வந்துவிட்டால், கணினியைப் பொறுத்தவரை மின்சாரம் போகவே இல்லை, அதனால் எழும்பாது. நிறுத்திய பிறகு வெளியீட்டை வெட்டும் தெரிவு யூபிஎஸ்ஸில் இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் வலை வழியாகக் கணினியை எழுப்பும் வேக் ஒன் லான். லினக்ஸ் கணினி உயிரோடு இருந்தால் அதற்குள் போய் விண்டோஸ் கணினியை எழுப்பலாம், கேபிளில் இணைந்திருக்க வேண்டும்.

வேகத்துக்கு: ரெமினாவில் நிறத்தை 16 பிட்டுக்கு இறக்குங்கள், தரத்தைக் குறைந்ததில் வையுங்கள், சுவர்ப்படத்தை எடுத்துவிடுங்கள். கணக்குப் பார்க்க இது தாராளம். அக்காவின் பக்கம் வேறு கதை. அவர் செய்வது படம் பார்ப்பது. படத்தைத் திரையாக இழுப்பதை விடக் கோப்பாக எடுத்துவிடலாம். மில் லினக்ஸில் எஸ்எஸ்எச் சேர்வர் போட்டு, அக்காவின் விண்டோஸில் வின்எஸ்சிபியால் 10.77.0.3க்கு இணைந்தால் சிட்டைகள் இருக்கும் அடைவு அப்படியே தெரியும். வேண்டியதை இழுத்து எடுத்துத் தன் கணினியில் பெரிதாக்கட்டும்.

ஒட்டுசுட்டான்_பெடியன்

எஸ்எஸ்எச் போடும்போது கடவுச்சொல் நுழைவை நிறுத்திச் சாவி முறைக்கு மாற்றிவிடுங்கள். ஸ்கானரையும் பாருங்கள். சிட்டைக்கு 600 டிபிஐ தேவையில்லை, 200இல் கறுப்பு வெள்ளையாக எடுத்தால் கோப்பு பல மடங்கு சிறுக்கும்.

முரசுமோட்டை_மில்

ஸ்கானர் 600இல் கலரில்தான் இருந்தது, மாற்றிவிட்டேன். வின்எஸ்சிபி வந்த பிறகு அக்கா எக்ஸ்ஆர்டிபியைத் திறப்பதே குறைவு. கடிதம் ஏதாவது அடிக்க வேண்டும் என்றால் மட்டும் போகிறார். இனி யூபிஎஸ் ஒன்று பார்க்க வேண்டும். இரண்டு கணினிக்கும் ரவுட்டருக்கும் எவ்வளவு விஏ போதும் என்று யாராவது சொன்னால் இந்தக் கிழமையே வாங்கிவிடுவேன்.

குளக்கட்டு

மொனிட்டர்களை அதில் மாட்டாதீர்கள், ஆள் இல்லாத நேரத்தில் அவை எரிய வேண்டியதில்லை. கணினிகளின் பவர் சப்ளையில் எழுதியிருப்பதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், அது உச்சம். ஒரு வோட் மீற்றரை மாட்டி உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து இங்கே எழுதுங்கள், பிறகு சொல்கிறேன்.